பைபாஸில் இருபது, புஷ்பாவில் பத்து

திருப்பூரில் ஒருவர் புதிதாகக் கார் வாங்கினால் நிறத்தையும் சீட் கவரையும் பற்றிய விசாரிப்பு பிறகுதான். முதல் கேள்வி, "என்ன மைலேஜ் குடுக்குதுங்க?" பீஸுக்கு எத்தனை கிராம் துணி, கட்டிங்கில் எவ்வளவு வேஸ்ட், காஜா பட்டனுக்கு எத்தனை பைசா என்று காலை முதல் கணக்குப் போட்டே பழகிய ஊர் இது. பெட்ரோல் கணக்கிலும் அதே கறார் இருப்பது இயல்புதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. அதே கார், அதே டிரைவர், அதே பங்க்கில் நிரப்பிய பெட்ரோல். அவிநாசி பைபாஸில் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, புஷ்பா தியேட்டர் ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தால் 10-க்கே திணறுகிறது. டேங்க்கில் ஓட்டை எதுவும் இல்லை. மீதிப் பாதி எங்கே போனது என்பதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் கண்டுபிடித்துவிடலாம். இந்த அத்தியாயத்தில் அதைத்தான் செய்யப்போகிறோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை இருக்கும். எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் தரும். கரண்ட் பில் கணக்கில் அது ஏறத்தாழ 9 யூனிட். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை ஒரு முழு ஷிப்டு ஓட்டப் போதுமான ஆற்றல் அந்த ஒரு லிட்டருக்குள் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சக்கரத்துக்கு வந்து சேர்வதில்லை. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரமும் ஒரு பங்கை வெளியே கொட்டித்தான் ஆகவேண்டும் என்று 1824-இல் பிரான்ஸைச் சேர்ந்த சாடி கார்னோ காட்டினார். அப்போது பெட்ரோல் என்ஜின் என்ற ஒன்றே பிறக்கவில்லை. நிக்கோலஸ் ஓட்டோ ஜெர்மனியில் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினை ஓட்டிக்காட்டியது 1876-இல். இன்று நம் கார்களில் இருப்பதும் அதே சுற்றுதான். சைலன்சர் வழியே ஒரு பங்கு வெப்பம், ரேடியேட்டர் வழியே இன்னொரு பங்கு என்று போய்விட, மிகச் சிறந்த நிலையில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை வேலையாகக் கிடைக்கும். அன்றாட ஓட்டத்தில் 20, 25 கிடைத்தாலே நல்லது.

சிறந்த நிலைக்கும் அன்றாட நிலைக்கும் இடையே ஏன் இவ்வளவு தூரம்? காரணம் கொஞ்சம் வியப்பானது: என்ஜினுக்கு வேலை போதவில்லை. கணக்குக்கு ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். ஆளும் பையும் சேர்த்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வேகன்-ஆர், ஸ்விஃப்ட், டியாகோ எல்லாம் டிரைவர் ஏறிய நிலையில் இதையொட்டித்தான் வரும். சமதளத்தில் சீராக 50 கி.மீ. வேகத்தில் போக இந்தக் காருக்குத் தேவைப்படுவது மூன்றரைக் குதிரைத்திறன்தான். பானட்டுக்குள் இருப்பதோ எழுபது எண்பது குதிரைத்திறன். பிஸ்டன் உராய்வு, ஆயில் பம்ப், ஆல்டர்நேட்டர் இவையெல்லாம் என்ஜின் சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கார் கொஞ்சம் வேலை செய்கிறதா, நிறைய வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை. போதாததற்கு, பாதி மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சி இழுக்கவே என்ஜின் ஒரு பங்கு உழைப்பைச் செலவிடுகிறது. அதனால்தான் அதே வேகத்தில் மூன்றாம் கியரைவிட நான்காம், ஐந்தாம் கியர் சிக்கனம்: சுற்று குறைகிறது, உராய்வு குறைகிறது, த்ராட்டில் இன்னும் கொஞ்சம் திறக்கிறது. என்ஜின் திக்காமல் இழுக்கும் வரை மேல் கியரிலேயே வைத்திருங்கள். எந்தச் செலவும் இல்லாமல் ஓட்டுநரின் கையில் இருக்கிற மிகப் பெரிய சேமிப்பு இது என்பது என் கருத்து.

சக்கரத்துக்கு வந்து சேர்ந்த ஆற்றலை யார் தின்கிறார்கள் என்று இனிப் பார்க்கலாம். முதல் ஆள் டயர். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் அமுங்குகிறது, அடுத்த கணம் விரிகிறது. சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே இருப்பது போன்ற வேலை. ஒவ்வொரு பிசைவிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற காரின் டயரைத் தொட்டால் சுடுவது இதனால்தான். நம் 1,000 கிலோ காருக்கு நல்ல சாலையில் இந்த எதிர்ப்பு 110 நியூட்டன் அளவில் இருக்கும். ஒரு 11 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் விசை அது. மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் பெரிதாக மாறாது.

இரண்டாவது ஆள் காற்று. இது வேகத்தைப் பொறுத்து ஏறும், அதுவும் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. நம் காருக்கு 50 கி.மீ. வேகத்தில் 75 நியூட்டன், 80-இல் 195, 100-இல் 305. டயரின் 110-ஐச் சேர்த்தால் 80-இல் மொத்தம் 305, 100-இல் 415. ஒரு கிலோமீட்டர் தூரம் இந்த விசையோடு தள்ள முறையே 305, 415 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டரில் கால்பங்கு, அதாவது 8 மெகாஜூல், சக்கரத்துக்கு வருகிறது என்று கொண்டால் 80-இல் லிட்டருக்கு 26 கி.மீ., 100-இல் 19 கி.மீ. செங்கப்பள்ளியிலிருந்து நீலம்பூர் வரை ஆறுவழிச் சாலை நன்றாக இருக்கிறதென்று 100-இல் அழுத்துகிறவர் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டரைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். கோவை போய்ச் சேர அவருக்கு மிச்சமாவது சில நிமிடங்கள். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் போகச் சொல்லி வருவதன் பின்னணி இந்த வர்க்கக் கணக்குதான். அதற்கும் கீழே மெதுவாகப் போனால் லாபம் கூடுமா என்றால், கூடாது. அங்கே என்ஜினின் சொந்தச் செலவு மேலோங்கிவிடும்.

காரின் வேகத்தோடு வானிலைக் காற்றும் சேரும்போது கணக்கு இன்னும் சுவையாகிறது. இந்தப் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு அதை ஆராய்ச்சிக்கூடத்தில் போய்ப் பார்க்க வேண்டிய தேவையில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியில் அதன் வழியே நுழைந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் ஆடி, ஆவணி வரை விடாமல் வீசும். அங்கே வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் பலவும் நூல் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் சொந்தமானவை. மில்லுக்குக் கரண்ட் தரும் அதே காற்றுதான், மேற்கு நோக்கிப் போகும் காரிலிருந்து பெட்ரோலை வாங்கிக்கொள்கிறது.

எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் 80-இல் போகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டினாலும் காரின் முகத்தில் மோதும் காற்றுக்கு அது 110. காற்றின் எதிர்ப்பு 195-இலிருந்து 370 நியூட்டனாக ஏறும். டயரையும் சேர்த்தால் 480. காற்றில்லாத நாளைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். காருக்குப் படும் காற்று 50 கி.மீ. வேகம்தான், மொத்த எதிர்ப்பு 185-க்கு இறங்கிவிடும். போகும்போது போனது வரும்போது வந்துவிடும், சரிக்குச் சரி என்று பலரும் சொல்வார்கள். சரிக்குச் சரி ஆகாது. 480-ஐயும் 185-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 332 வருகிறது. காற்றில்லாத நாளின் கணக்கு 305. போய்வரும் பயணத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு நட்டம். எதிர்ப்பு வர்க்கத்தில் ஏறுவதால் எதிர்க்காற்று எடுக்கும் அளவைப் பின்காற்று ஒருபோதும் திருப்பித் தராது. ஆடி மாதத்தில் அடிக்கடி கோவை, பாலக்காடு போய்வருகிறவர்கள், வண்டியில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கைத் தேடும் முன் மரக்கிளைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பது நல்லது. அந்த மாதங்களில் எதிர்க்காற்றில் போகும்போது வேகத்தைப் பத்து கி.மீ. குறைப்பதும் மற்ற மாதங்களைவிட அதிகப் பலன் தரும்.

கோவை பயணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏற்றமும் இருக்கிறது. திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கோவை 410 மீட்டர் அளவில். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவையைக் கடந்து திருப்பூருக்கு வருவதே அந்தச் சரிவினால்தான். ஐம்பது கிலோமீட்டருக்குள் 110 மீட்டர் என்பதால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு உறைக்காது. ஆனால் 1,000 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க ஒரு மெகாஜூலுக்குச் சற்று அதிகம் வேண்டும்; பெட்ரோலில் 130 மில்லிக்கு மேல். வரும் வழியில் பிரேக்கைத் தொடாமல் வந்தால் அது பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது வேறு ரகம்: 1,900 மீட்டர் உயரத்துக்கு மட்டும் இரண்டு லிட்டருக்கு மேல் கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது அந்த ஆற்றலில் பெரும்பங்கு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் டிஸ்க்கைச் சூடாக்கவே போய்விடுகிறது.

நெடுஞ்சாலைக் கதை இவ்வளவுதான். ஊருக்குள் வரும்போது காற்று கணக்கிலிருந்து ஏறக்குறைய விலகிவிடுகிறது, வேறு மூவர் வந்து உட்காருகிறார்கள்: பிரேக், காத்திருப்பு, ஏசி.

திருப்பூர் நகரத்தை ரயில் பாதை ஒரு பக்கம் வெட்டுகிறது, நொய்யல் ஆறு ஒரு பக்கம் வெட்டுகிறது. ஊரின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போக இருக்கும் சில பாலங்களிலும் சந்திப்புகளிலும்தான் பெருமாநல்லூர் ரோடு, அவிநாசி ரோடு, குமரன் ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு எல்லாவற்றின் வண்டிகளும் வந்து சேருகின்றன. காலை எட்டு, எட்டரைக்குக் கம்பெனி பஸ், வேன், மொபெட், ஸ்கூல் வண்டி, துணி ரோல் ஏற்றிய மினி லாரி எல்லாம் ஒரே நேரத்தில். சாயங்காலம் ஷிப்டு விடும்போது மறுபடியும் அதே.

இதோடு இந்தத் தொழிலின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பது அபூர்வம். நூல் ஓர் இடத்தில், நிட்டிங் ஓர் இடத்தில், சாயப்பட்டறை வேறெங்கோ, காம்பாக்டிங் இன்னோர் இடத்தில். பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங். பலவும் ஜாப் ஒர்க். ஆண்டுக்கு ரூ.40,000 கோடிக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இப்படித்தான் இயங்குகிறது. சிறிய முதலீட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் தொழிலுக்குள் வர முடிந்ததற்கும் இந்த அமைப்பே காரணம். துணி மினி லாரியில் போகும். ஆனால் ஷேடு சரியாக வந்திருக்கிறதா, பிரிண்ட் பிடித்திருக்கிறதா, பையர் ஓகே சொன்ன சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஓனரோ மெர்ச்சண்டைசரோ சின்னக் காரில் போகிறார். மூன்று கிலோமீட்டர், நிறுத்தம். ஒரு மணி நேரம் கழித்து நான்கு கிலோமீட்டர், நிறுத்தம்.

அப்படிப்பட்ட ஒரு மூன்று கிலோமீட்டரைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நெரிசல் நேரம், கால் மணி நேரம் ஆகிறது. வழியில் பத்து முறை 40 கி.மீ. வேகம் வரை எடுத்துப் பத்து முறையும் பிரேக் போட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது. மொத்தத்தில் ஆறு நிமிடம் ஆஃப் செய்யாமல் நின்றிருக்கிறது. டயரையும் காற்றையும் சமாளிக்க மூன்று கிலோமீட்டருக்கு 480 கிலோஜூல் போதும். ஆனால் 1,000 கிலோவை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் 62 கிலோஜூல். பத்து முறைக்கு 620. அத்தனையும் பிரேக் பேடில் வெப்பமாகக் கரைகிறது. நகர்வதற்கு ஆன செலவைவிட நிறுத்தியதற்கு ஆன செலவு பெரியது. இரண்டும் சேர்ந்து 1.1 மெகாஜூல்; நகர ஓட்டத்தில் என்ஜின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தரும் என்பதால் இதற்கு 170 மில்லி பெட்ரோல் ஆகிறது. நின்றபடி ஓடும் சின்ன என்ஜின் மணிக்கு முக்கால் லிட்டரை நெருங்கிக் குடிக்கும். ஆறு நிமிடத்துக்கு 70 மில்லி. ஆக 240 மில்லியில் மூன்று கிலோமீட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டரை.

இன்னும் ஏசியைப் போடவில்லை. கம்ப்ரசர் என்ஜினிடமிருந்து ஒரு கிலோவாட் அளவு இழுத்தாலும் கால் மணி நேரத்தில் 0.9 மெகாஜூல். சக்கரத்துக்குப் போன மொத்த ஆற்றலுக்குக் கிட்டத்தட்ட சமமாக இது இருக்கிறது. ஏசியின் செலவு தூரத்துக்கு இல்லை, நேரத்துக்கு. பைபாஸில் கால் மணி நேரத்தில் 20 கி.மீ. போய்விடுகிறோம், ஏசியின் பங்கு அந்த இருபதில் கரைந்துவிடுகிறது. ஊருக்குள் அதே கால் மணி நேரத்துக்கு மூன்றே கிலோமீட்டர். இதைச் சேர்த்தால் மைலேஜ் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். மே மாதத்தில் ஏசி இல்லாமல் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. வெயிலில் நின்ற காரின் கண்ணாடிகளை முதல் இரண்டு நிமிடம் இறக்கி அனல் காற்றை வெளியேற்றிவிட்டுப் போட்டால் கம்ப்ரசரின் முதல் பாரம் குறையும். கார் வெயிலில் நிற்காமல் நிழலில் நிற்பது இன்னும் மேல்.

என்ஜின் சூடேறாமை என்ற இன்னொரு செலவும் இந்தக் குறும்பயணங்களில் ஒளிந்திருக்கிறது. என்ஜின் தன் இயல்பான வெப்பத்தை, அதாவது கூலண்ட் 90 டிகிரியை ஒட்டிய நிலையை அடையும் வரை ஆயில் தடிப்பாக இருக்கும், உராய்வு கூடும், கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாகவே விடும். மூன்று கிலோமீட்டரில் சூடேறும்போது போக வேண்டிய இடம் வந்துவிடுகிறது. ஆறிய பிறகு மீண்டும் முதலிலிருந்து. திருப்பூரின் வெப்பம் குளிர் நாடுகளைவிட இதில் நமக்குச் சாதகம்தான். ஆனாலும் ஒரே மூச்சில் 12 கி.மீ. சுற்றி நான்கு யூனிட்டைப் பார்ப்பதற்கும், நாள் முழுக்க நான்கு முறை கம்பெனியிலிருந்து புறப்பட்டுப் போய்வருவதற்கும் பெட்ரோலில் நல்ல வித்தியாசம் விழும். இரண்டாவது வகையில் தூரமும் கூடுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் மைலேஜை நிர்ணயிப்பதில் காரின் பிராண்டைவிட அன்றைய வேலைத் திட்டத்துக்குப் பங்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலை ஒன்பது மணிக்கே எந்தெந்தப் பட்டறைக்குப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, மங்கலம் ரோடு வேலைகளை ஒரே சுற்றில், பெருமாநல்லூர் ரோடு வேலைகளை இன்னொரு சுற்றில், நெரிசல் இல்லாத பதினொன்று முதல் மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளும் கம்பெனி, புதுக் கார் வாங்காமலேயே சேமிக்கிறது. ஷேடை போனில் படம் எடுத்து அனுப்பித் தீர்மானிக்க முடியாது. நிறம் திரையில் மாறும். ஆனால் எண்ணிக்கை, லேபிள், பேக்கிங் சமாச்சாரங்களுக்கு ஒரு பயணத்தையே மிச்சப்படுத்தலாம்.

எடை பற்றி நிறையப் பேசப்படுகிறது. நிட்டிங் துணி ரோல் ஒன்று 20, 25 கிலோ இருக்கும். பின்சீட்டை மடித்து நான்கு ரோல் போட்டால் 100 கிலோ; நம் காரின் எடையில் பத்தில் ஒரு பங்கு. டயர் எதிர்ப்பும் ஒவ்வொரு முறை கிளப்பும் செலவும் அதே பத்தில் ஒரு பங்கு ஏறும். ஊருக்குள் அது தெரியும், நெடுஞ்சாலையில் அவ்வளவாகத் தெரியாது. அதே ரோலைக் கேரியரில் கட்டி மேலே ஏற்றினால் கதை தலைகீழ். எடையோடு முகப்பரப்பும் கூடி, காற்று சிக்கித் தடுமாறும். மேலே பெட்டி வைத்த கார் ஊருக்குள் நூற்றுக்கு 2 முதல் 8 வரையும், வேகச் சாலையில் 6 முதல் 17 வரையும் மைலேஜை இழப்பதாக அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேடு சொல்கிறது. சுமை இல்லாதபோது கேரியரைக் கழற்றி வையுங்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் எடை 650 கிலோ அளவில்தான். 796 சிசி என்ஜின் அதற்கு ஏராளம். இன்றைய சின்னக் கார்கள் அதைவிட இருநூறு, முந்நூறு கிலோ கூடுதல். கூடிய எடையில் ஏர்பேக், வலுவான கதவுச் சட்டம், மோதலைத் தாங்கும் முன்பகுதி எல்லாம் அடக்கம். பழைய கார்போல மைலேஜ் இல்லையே என்று வருந்துகிறவர்கள் அந்த எடை உயிரைக் காக்க வந்த எடை என்பதை மறக்க வேண்டாம். அதற்காக லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைந்தால் அந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

டயர் காற்றுக்கு வருவோம். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் நூற்றுக்கு 0.2 போகும் என்பது அதே அமெரிக்கக் கையேட்டின் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நட்டம். பெட்ரோலில் இது சின்னத் தொகை. ஆனால் காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில் தேய்ந்து, நெடுஞ்சாலைச் சூட்டில் வெடிக்கும் அபாயம் பெரிது. மாதம் இருமுறை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க அதுவே போதிய காரணம். நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்று காசு வாங்குகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அளவு சரியாக இருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

இப்படிச் சில நம்பிக்கைகள் ஊரெங்கும் உலவுகின்றன. விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பது ஒன்று. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்பது உண்மைதான். ஆனால் பங்க்கின் தொட்டி நிலத்தடியில் இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் அதன் வெப்பம் பெரிதாக மாறாது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது இன்னொன்று. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ பொருள் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் விட வேண்டியிருக்கிறது. கூடவே என்ஜின் பிரேக்கும் போய்விடுகிறது. மலைச் சாலையில் இது உயிருக்கே ஆபத்து. சிவப்பு விளக்கு கண்ணில் பட்டவுடனே காலை எடுத்து, கியரிலேயே உருண்டு போய்ச் சேருங்கள். முன்பு பார்த்த 62 கிலோஜூலில் ஒரு பங்காவது பிரேக்கில் கரையாமல் தூரமாக மாறும்.

எத்தனாலைப் பற்றிக் கேட்காதவர் இன்று இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல்தான். பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த இ-20 எரிபொருளின் ஆற்றல், சுத்தமான பெட்ரோலைவிட நூற்றுக்கு ஏழு குறைவு. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம் என்பதால் அதற்கென்றே அமைத்த என்ஜின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கும். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, இ-20 போட்டால் சுத்தமான பெட்ரோலுக்கு வடிவமைத்து இ-10-க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், இ-10-க்கு வடிவமைத்து இ-20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடும் சிக்கனம் குறையும் என்று மதிப்பிட்டிருந்தது. லிட்டருக்கு 18 கொடுத்த பழைய கார் 17-க்குச் சற்றுக் கீழே இறங்கினால் அது எரிபொருளின் இயல்பு. 18 கொடுத்தது 13-க்கு வந்தால் எத்தனால் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் இவற்றைப் பார்க்க வேண்டும். ஆற்றல் குறைந்த எரிபொருளை லிட்டருக்கு அதே விலையில் விற்பது நியாயமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. என் பார்வையில், வாங்குகிறவர் பக்கம்தான் நியாயம்.

ஷோரூமில் சொல்லும் 24, 25 என்ற எண் எங்கிருந்து வருகிறது? காரை உருளைகள் மேல் நிறுத்தி, மாற்றியமைத்த இந்திய ஓட்டுச் சுழற்சி என்ற வரையறுத்த நிரல்படி சுமார் இருபது நிமிடம் ஓட்டி எடுக்கும் எண் அது. புனேயில் 1966 முதல் இயங்கும் ஏஆர்ஏஐ போன்ற நிறுவனங்கள் இச்சோதனையைச் செய்து சான்று தருகின்றன. அதிகபட்ச வேகம் 90, சராசரி வேகம் முப்பதைச் சற்றுத் தாண்டும், ஏசி அணைத்திருக்கும், எதிர்க்காற்று இல்லை, குண்டுகுழி இல்லை. பொய்யான எண் என்று அதைச் சொல்ல முடியாது. எல்லாக் கார்களையும் ஒரே தட்டில் நிறுத்தி ஒப்பிட அப்படி ஒரு நிரல் வேண்டும். 2022 முதல் கார் நிறுவனங்களின் சராசரிக் கார்பன் டை ஆக்சைடு கிலோமீட்டருக்கு 113 கிராமை ஒட்டி இருக்க வேண்டும் என்ற விதியும் இந்தச் சோதனையை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. பெட்ரோல் காருக்கு அது லிட்டருக்கு 20, 21 கி.மீ. அளவு. ஆனால் நெரிசலில் ஏசியோடு என்ன கிடைக்கும் என்ற எண்ணையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மீட்கும் வழி மின்சாரக் காரிலும் ஹைப்ரிட்டிலும் இருக்கிறது; நிறுத்தும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. நின்றிருக்கும்போது அவை குடிப்பதும் இல்லை. பத்து முறை நிறுத்தும் மூன்று கிலோமீட்டர்தான் அவற்றின் ஆடுகளம். நாள் முழுக்க பட்டறை பட்டறையாகச் சுற்றும் கம்பெனிக் காரை மாற்ற நினைப்பவர் இந்தக் கோணத்தில் முதலில் யோசிக்கலாம். மாதம் பலமுறை தூத்துக்குடித் துறைமுகம் வரை நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு இந்த லாபம் அவ்வளவு இல்லை.

உங்கள் காரின் உண்மையான எண் எது என்று தெரிந்துகொள்ள டேஷ்போர்டு காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். டேங்க் நிரப்பும்போது பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை, முடிந்தால் அதே பங்க்கில் அதே பம்ப்பில், அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு டேங்க் போதாது. நான்கைந்து டேங்க் எழுதுங்கள். பக்கத்தில் ஊருக்குள்ளா பைபாஸா, ஏசி உண்டா, எந்த மாதம் என்றும் குறித்துவையுங்கள். வண்டி திடீரென்று குடிக்கிறது என்று தோன்றும் நாளில் மெக்கானிக்கிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.